ஐந்நூறு கிராம் பட்டு

சகாயம்மாளுக்கு முப்பத்தாறு வயது. ஆரணியில் பெண்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர். என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பைத்தியம், நேஷனல் போட்டியில் ஒரு தடவையாவது நின்று சுடவேண்டும். 1983-ஐ விட்டால் அதுவும் போச்சு. வேலூர் கிளப் இரவல் கொடுத்திருந்த ஏர் பிஸ்டல் அடுத்த வருஷம் வேறொருத்தி கைக்குப் போகிறது. மெட்ராஸ் போட்டியில் நானூறுக்கு முந்நூற்றைம்பது எடுத்தால் நேஷனல். இல்லாவிட்டால் வாழ்நாள் பூராவும் பிள்ளைகளுக்கு விசில் ஊதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தப் பிஸ்டலின் ட்ரிக்கரோ சண்டி மாடு. இழுத்தால் வராது, வந்தால் குண்டு இடப்பக்கம் போகும்.

"நான் இளக்கித் தரேன்" என்றான் புருஷன் யோவான். தறியில் பூவேலை போடும் ஜக்கார்டு மிஷின் ரிப்பேர் அவன் தொழில். ஸ்பிரிங்கும் கொக்கியும் அவன் விரல் சொன்னபடி கேட்கும்.

"ரொம்ப இளக்கிடாதீங்க. ஐந்நூறு கிராமுக்குக் கொறைஞ்சா ஆட்டத்துல இருந்தே தூக்கிடுவாங்க."

விதி இதுதான்: குழலை வானம் பார்க்க நிறுத்தி, ட்ரிக்கரில் ஐந்நூறு கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். தாங்கினால் சரி. 'டக்'கென்று விட்டுவிட்டால் நீக்கம்.

எடைக்கு எங்கே போவது? மளிகைக் கடைக் கல்லை ஆரணியில் எவன் நம்புவான்! முள்ளிப்பட்டு குப்புராஜ் முதலாளி அவர்கள் வீட்டுத் தறிக்கென்று நிறுத்துக் கொடுத்த பட்டு நூல் சிப்பம் இருந்தது. சரியாக ஐந்நூறு கிராம். முதலாளி தராசு பட்டு விஷயத்தில் ஒரு குன்றிமணி பிசகாது. யோவான் அந்தச் சிப்பத்தையே ட்ரிக்கரில் தொங்கவிட்டு, மயிரிழை மிச்சம் வைத்துத் திருகாணியை இளக்கி நிறுத்தினான்.

மெட்ராஸில் காலையில் பிஸ்டலின் அளவை மட்டும் பார்த்து முத்திரை ஒட்டினார்கள். எடைச் சோதனை போட்டி முடிந்த பிறகு, சீட்டுக் குலுக்கலில் நம்பர் வந்த மூன்று பேருக்கு மட்டும்.

சகாயம்மாள் அன்றைக்குச் சுட்டாளே, அது சூடு! பெஞ்சில் உட்கார்ந்திருந்த யோவானுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. முப்பது குண்டு முடிந்திருக்கும்போது வெளியே மழை பிடித்தது. மழையைப் பார்த்ததும் தறிக்காரன் புத்தி தறிக்குப் போயிற்று. பட்டு ஈரம் குடிக்குமே, இன்றைக்கு நிறுத்தால் எடை ஏறுமே என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான்.

குப்புராஜ் நிறுத்துக் கொடுத்தது அடைமழை நாளில். அதற்கப்புறம் பத்து நாள் அந்தச் சிப்பம் அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கியது. கையில் எடுத்தபோது சருகு மாதிரி சலசலத்ததே! ஐந்நூறு ஏது? நானூற்று எழுபது இருந்தால் அதிகம்.

அடப்பாவி, வேறு எவனாவது இப்படி ஏமாந்தாலும் பரவாயில்லை! இவன் அப்பா சடையப்பன், நெய்து கொடுத்த சேலையை எடைபோட்டபோது முப்பது கிராம் குறைந்ததென்று பட்டுத் திருடன் பட்டம் வாங்கியவர். வெயில் காலத்தில் பட்டு காய்ந்து குறையும் என்று சாகும்வரை ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஒருத்தனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பெற்ற பிள்ளைக்கே அது மறந்துபோயிற்று.

முந்நூற்று ஐம்பத்து நாலு! சீட்டும் குலுக்கினார்கள். அவள் நம்பர் வரவில்லை. சகாயம்மாள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஓடிவந்தாள்.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் யோவான் சொன்னான், தரையைப் பார்த்தபடியே, அடுப்பிலிருந்து கடைசிவரை.

அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"ஏன்யா இப்ப சொன்ன? ஊருக்குப் போயி சொல்லக்கூடாதா?"

"மனசு கேக்கல சகாயம்."

"என் மனசு இன்னா பாடுபடும்னு நெனைச்சியா? இருபது வருஷம்யா! இருபது வருஷம்!"

கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். யோவான் கிட்டே போகவில்லை, போகத் தைரியமில்லை. வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"சிப்பத்த யாராவது பிரிச்சாங்களா? ஒரு இழையாவது எடுத்தீங்களா?"

"கர்த்தர் மேல ஆணை, யாரும் தொடல."

பிஸ்டலை எடுத்துக்கொண்டு நேரே மேஜைக்குப் போனாள். சோதனை அதிகாரி தங்கவேலு எடைக்கல்லைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க நம்பர் வரலியேம்மா."

"வரலன்னாலும் வெச்சிப் பாருங்க சார்."

தூக்கினார். டக். விதிப்படி மூன்று தடவை. மூன்றும் டக். அவரைச் சின்னச் சின்ன எடையாகக் குறைத்துக்கொண்டே வரச்சொல்லி அவள் கேட்டாள். நானூற்று எழுபதில் ட்ரிக்கர் அசையாமல் தாங்கியது.

"முப்பது கிராம் கொறையுது" என்று சொல்லிக்கொண்டே தங்கவேலு அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தார். அவருக்கே கை வரவில்லை. "யாரும் கேக்கலியேம்மா, நீங்களா வந்து ஏம்மா கெடுத்துக்கினீங்க?"

சகாயம்மாள் பிஸ்டலைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"எங்க மாமனார் பட்டு திருடல சார்" என்றாள்.

தங்கவேலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் நின்ற யோவான் முகத்தைப் பொத்திக்கொண்டு கேவிக் கேவி அழுதான்.