கழற்ற வந்தவர்

தம்பியின் இடது கன்னத்தை மட்டும் மழிக்க வேண்டியிருந்தது. வலது கன்னத்தைக் காலையில் அவனே மழித்துவிட்டான். விசாரணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் கண்ணாடி முன்னாலேயே சரிந்துவிட்டான். வாளிக்குள் கிடந்த ரேசரைக் கழுவி அக்கா கையில் எடுத்தாள். செங்கல் சுமந்து காய்த்துப்போன விரல்களுக்கு அந்தச் சின்னப் பிடி அடங்கவில்லை. தாடையோரம் கீறிவிட்டது. ரத்தம் வரவில்லை. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"போலீஸ் உடுப்ப எடும்மா."

தம்பி பெண்டாட்டி அலமாரியருகே நின்றாள். "போடக் கூடாதுன்னு ஆர்டர் அண்ணி. விசாரணை முடியிற வரைக்கும்..."

"அவனுக்குத்தான் எல்லாம் முடிஞ்சுபோச்சே. எடு."

என்ன விசாரணை என்று கட்டியவளுக்கே தெரியாது. வெளியே மூச்சு விடக் கூடாதென்று அவனிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஏட்டு வேலை பார்த்த மனுஷன் சொந்த வீட்டில் சோற்றுத் தட்டைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். கேரம் ஆட வந்த கூட்டாளிகள் தெருவை மாற்றி நடந்தார்கள். அக்கா ஒருநாள் நேராகவே கேட்டாள்.

"திருடுனியாடா?"

"இல்லக்கா."

"யாரையாச்சும் அடிச்சுக் கொன்னுட்டியா?"

"ஐயோ, இல்லக்கா."

"அப்புறம் என்ன எழவுடா?"

"சொல்லக் கூடாதுக்கா."

விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைக்க இருவரும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பெல்ட் தொளதொளவென்று கிடந்தது, ஆள் பாதியாகியிருந்தான். அக்கா ஆணி வைத்து அடித்துப் புது ஓட்டை போட்டு மாட்டினாள்.

சுடுகாட்டு வண்டியும் வந்தது, இன்ஸ்பெக்டரும் வந்தார். பின்னால் ஒரு கான்ஸ்டபிள், பழைய கேரம் கூட்டாளி. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து அக்குளில் இடுக்கினார்.

"உங்க துக்கம் புரியுதும்மா. ஆனா யூனிஃபார்மோட அனுப்ப முடியாது."

"என்ன தப்பு பண்ணான்?"

"அது ரகசியம்."

"தப்புன்னு முடிவு கட்டியாச்சா?"

"இன்னும் இல்ல."

"இனிமேலாச்சும் கட்டுவீங்களா?"

"அதையும் சொல்ல முடியாதும்மா."

"சட்டையக் கழட்டுன்னு மட்டும் வாய் நிறையச் சொல்ல முடியுது."

"மெதுவா பேசுங்கம்மா. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். ரகசியமெல்லாம் உங்களுக்கு. எங்களுக்கு என்ன இருக்கு?" அக்கா எழுந்து ஒதுங்கி நின்றாள். "வாங்க, நீங்களே கழட்டுங்க. கை விறைச்சுக் கெடக்கு. ஒடிச்சுப்புடாதீங்க."

தம்பி பெண்டாட்டி விசும்பலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னால முடியாதுங்கய்யா."

"யோவ், இது உத்தரவு."

"என் மேலயும் ஒரு விசாரணை போட்டுக்கங்கய்யா." அவன் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்க் குனிந்தான். "தலைமாட்ட யாராச்சும் பிடிங்கப்பா."

பக்கத்து வீட்டுக்காரர்கள் உள்ளே வந்தார்கள். இன்ஸ்பெக்டர் வாசலுக்குப் போய் யாருக்கோ போன் போட்டார். "சார்... ஆமா சார்... போட்டுட்டாங்க சார்..." உடம்பு வாசல் தாண்டுகையில் வழிவிட்டுச் சுவரோரம் ஒட்டிக்கொண்டார். போனை இடது கைக்கு மாற்றினார். வலது கை தொடையோரம் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கியது.

அது சல்யூட்டுக்கு உயர்ந்ததா இல்லையா என்று பார்க்க அக்கா நிற்கவில்லை. தம்பி பெண்டாட்டியை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். லோடு ஏறியதும் லாரிக்காரனுக்குத் தட்டுவதுபோல, வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள்.

"போலாம்."