வரிசையாகப் போன விளக்குகள்

1

சிரிக்க வைக்கத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். பெங்களூரு ஆஸ்டின் டவுனில், இருட்டியதும், வானத்தில் விளக்குகள் வரிசையாக ஊர்ந்து போயின. தெருவே மாடியேறிவிட்டது. வேற்றுக்கிரகவாசிகள் பெங்களூரு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு... [இந்த வரியை அடித்துவிட்டேன்.] பக்கத்து மாடியில் ஜோசபின் அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு கிண்டல் எனக்கு ஓடவில்லை.

2

ஆனால் கதை அவளுடையதல்ல, மகள் பிரிசில்லாவுடையது. (ஜோசபினின் மனசுக்குள் போக எனக்குத் துணிச்சல் இல்லை.)

கோலார் தங்கவயலில் பாறை வெடித்துச் சரிந்தபோது அப்பா டொமினிக் சுரங்கத்துக்குள் இருந்தார். உடல் கிடைக்கவில்லை. பிரிசில்லா அப்போது சின்னப் பெண். கல்லறைத் திருநாளன்று மற்ற வீட்டார் பூவும் மெழுகுவத்தியுமாகக் கிளம்புவார்கள். இவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். உடம்பே இல்லாமல் எதற்குக் கல்லறை என்பாள் ஜோசபின். இத்தனை வருஷம் கழித்து, குடும்பக் கல்லறையில் அவர் பெயரையும் வெட்டலாம் என்று போன வாரம்தான் தலையாட்டியிருந்தாள். கல் வெட்டுகிறவருக்கு நாளை பதில் சொல்ல வேண்டும்.

3

மாடியில் பிரிசில்லா அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"ஷிப்டு முடிஞ்சு வராங்கடி," என்றாள் ஜோசபின். "தலையில லைட்டோட, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா. இப்படித்தான் வருவாங்க. உனக்கு எங்க ஞாபகமிருக்கப் போகுது."

ஞாபகமிருந்தது. அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து, இருட்டில் நகர்ந்து வரும் விளக்குகளில் எது டாடி என்று தேடியது. அண்ணாந்து பார்த்த அந்த ஒரு கணம் அவளுக்கும்... (இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

அடுத்த வீட்டு எத்திராஜ் கத்தினார்: "ஏலியனும் இல்ல, ஒண்ணும் இல்ல! எல்லாம் சேட்டிலைட்டு, போன்ல போட்டிருக்கான்!"

ஜோசபின் காதில் அது விழவில்லை. "பேரு வெட்ட வேணாம்னு சொல்லிடு," என்றாள்.

4

முதலில் எழுதிய முடிவில், பிரிசில்லா உண்மையைச் சொல்ல, இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகை சுலபமாக வந்துவிட்டது, கிழித்தேன். அடுத்ததில் ஜோசபின், "எனக்கே தெரியும்டி" என்று சிரித்தாள். அது எனக்குத்தான் ஆறுதலாக இருந்தது, அவளுக்கு இல்லை.

மிஞ்சியது இவ்வளவுதான். கீழே வந்ததும் ஜோசபின் முகம் கழுவி, நல்ல புடவையாக மாற்றிக்கொண்டு, சமையலறையில் அரிசி டப்பாவைத் திறந்தாள்.

"ரெண்டு பேருக்குப் போடவா, மூணு பேருக்கா?"

"மம்மி..."

"சொல்லு பிரிசி. டாடி பசியோட வருவாரு."

உண்மையைச் சொன்னால் பிரிசில்லா தன் வாயாலேயே அப்பாவைச் சாகடிக்க வேண்டும். மூன்று என்றால் அம்மா விடியவிடிய வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பதில் எழுதக் கை வரவில்லை. ஜோசபின் டப்பாவுக்குள் கையை விட்டபடி நிற்கிறாள். நீங்களாவது சொல்லுங்கள், எத்தனை பேருக்கு?