தப்பாகப் போட்ட ஓட்டை

சிவனணைந்தபெருமாளை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. துறைமுகச் சாலையில் பட்டறை போட்டு இருபத்திரண்டு வருடமாகிறது. லாரிக்காரர்களுக்கு அவன் 'டர்போ பெருமாள்', அவ்வளவுதான். எஞ்சின் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்ற, அது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும், அதுதான் டர்போ. அது கெட்டுப்போனால் எல்லோரும் அவனைத் தேடி வருவார்கள். சரியானதும் போய்விடுவார்கள். அதற்குமேல் அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

தெரிந்தவன் ஒருவன் இருந்தான். ரெக்சன், சாத்தான்குளத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை. ஐ.டி.ஐ.யில் இருவரும் ஒரே பெஞ்சு. ரெக்சன் மேலே படித்து பாலிடெக்னிக்கில் விரிவுரையாளரானான். இவன் கரியிலும் கிரீஸிலும் கிடந்தான். ஆனாலும் முப்பது வருடமாக 'ஏலே', 'வாலே' மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் ரெக்சன் வெள்ளைச் சட்டையோடு நேரே பட்டறைக்குத்தான் வருவான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமாள் சும்மாதான் கேட்டான். வீணாய்ப் போகிற புகைதானே, சக்கரத்தைச் சுழற்றுகிறதே, அதில் ஒரு டைனமோவை மாட்டினால் கரண்டு வராதா என்று. ரெக்சன் ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையில் கணக்குப் போட்டுப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

இரண்டு வருட ஞாயிறுகள் அதில் போயின. பழைய இரும்புக் கடையில் ஒரு டர்போ வாங்கி, வேகம் குறைக்கப் பல்சக்கரம் வைத்து, டைனமோ கோத்து, பெருமாளின் கிழட்டு டீசல் அம்பாசிடரின் சைலன்சர் குழாயில் பொருத்தினார்கள். முதலில் புகைக்குப் போக வழியில்லாமல் எஞ்சின் மூச்சுத் திணறியது. சக்கரத்தைத் தாங்கும் தண்டு நாலு தடவை உருகி இறுகிப்போனது. ஒருநாள் சூடு பார்க்கும் கருவிக்காக டர்போவை ஓடுபோல மூடியிருந்த இரும்பு வார்ப்பில் ஓட்டை போடும்போது டிரில் வழுக்கி, இரண்டு விரற்கடை தள்ளி இறங்கிவிட்டது. பெருமாள் தலையில் அடித்துக்கொண்டான். டார்ச் அடித்துக்கொண்டிருந்த ரெக்சன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"ஒரு போல்ட்டப் போட்டு அடைலே. யாரும் கேட்டா திருஷ்டிப் பொட்டுன்னு சொல்லிக்கிடலாம்."

அடைத்தான். பிறகு ஒருநாள் அது ஓடியது. முக்காணி தாண்டி ஆத்தூர்ப் பாலத்தில் கார் ஏறும்போது, மிஷினோடு மட்டும் கோத்த, பாட்டரியோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு பல்பு கண்ணாடியோரம் மினுக்கென்று எரிந்தது. ஆறுமுகநேரி உப்பளத்துக்குப் பக்கம் போனபோது அதைக் கண் கூசாமல் பார்க்க முடியவில்லை. ரெக்சன் 'ஸ்தோத்திரம்' என்றான். பெருமாள் 'முருகா' என்றான். இரண்டு தடியர்களும் உப்பளத்து வெயிலில் காரை நிறுத்திவிட்டு வெட்கமில்லாமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் பெருமாள் தன் ஆசையைச் சொன்னான். காசு பணம் எப்படியோ போகட்டும். நாளைக்கு இது விலைக்கு வந்தால் மிஷினில் ஒரு பெயர்த் தகடு இருக்குமே, அதில் ரெக்சன் பெயருக்குப் பக்கத்தில் தன் முழுப்பெயரும் இருக்க வேண்டும். ரெக்சன் உடனே சரி என்றான். இவனுக்குத்தான் மனசு அடங்காமல், சுடலைமாடன் கோயில் முன்னால் கற்பூரம் அணைத்துச் சொல்லுவியா என்று கேட்டுவிட்டான்.

"எங்க வேதத்துல சத்தியம் பண்ணக் கூடாதுன்னு இருக்குல்லா" என்றான் ரெக்சன். "ஆம்னா ஆம், இல்லைன்னா இல்லை. அம்புட்டுதாம்லே."

பெருமாளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வேதக்காரன் வார்த்தையைச் சந்தேகப்பட்டோமே என்று வீடு வரைக்கும் குறுகிப்போய் வந்தான். காகிதம் எழுதலாம் என்ற பேச்சையும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனுக்கு வேறென்ன தோன்றும்?

படம் வரைய வேண்டும் என்று ரெக்சன் மிஷினைக் கழற்றி எடுத்துப் போனான். ஒரு ஞாயிறு வரவில்லை. மகளுக்குப் பரீட்சை என்றான். அடுத்ததற்குத் தலைவலி. அப்புறம் போனையே எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து டிரெய்லர் வைத்திருக்கும் லிங்கராஜ் ஓர் அழைப்பிதழோடு வந்தான். ஏதோ ஒரு கம்பெனி, புகையில் கரண்டு எடுக்கும் மிஷினை நாளைக் காலை மண்டபத்தில் வெளியிடுகிறதாம். பேசப்போவது ரெக்சன் சாராம்.

பெருமாளுக்குக் கோபமே வரவில்லை. திருட்டுப் பயல், நம்மைத் திகைக்க வைக்கத்தான் இத்தனை நாள் மூடி மறைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, போகிற வழியில் ரெக்சனுக்குப் போர்த்த ஒரு பொன்னாடையும் வாங்கிப் பைக்குள் வைத்தான்.

மண்டபத்தில் மேஜைமேல் மிஷின் பளபளவென்று இருந்தது. புது வார்ப்பு. கிட்டப் போய்த் தகட்டைத் தேடிப் படித்தான். கண்டுபிடிப்பு: ரெக்சன். இன்னொரு தடவை படித்தான். அடியில் இடம் காலியாகத்தான் கிடந்தது, வேறு பெயரில்லை. பக்கவாட்டில், அதே இடத்தில், அதே போல்ட். அளவெடுத்துப் படம் வரைந்தவன் அதையும் விடவில்லை.

பெருமாள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். பேச்சு முடிந்து, கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்துவிட்டான். ரெக்சன் அவனைப் பார்த்தான், முகம் வெளுத்தது.

"அந்தப் போல்ட் எதுக்கு?"

ரெக்சன் கொஞ்சம் தண்ணீர் குடித்தான். உள்ளே அழுத்தத்தைச் சமன்படுத்த, ரொம்ப யோசித்து வைத்தது என்றான். முன்வரிசையில் நாலுபேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

உண்மையை அப்போதே போட்டு உடைத்திருக்கலாம். பெருமாளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. ரெக்சன் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று அந்த நிமிடத்திலும் அவனுக்கு ஒரு நப்பாசை. முப்பது வருடத்தில் முதல் தடவையாக மரியாதை வைத்துக் கேட்டான்.

"இத நீங்க தனியாவா செஞ்சிய?"

ரெக்சன் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஆமா."

ஆம் என்றால் ஆம். பெருமாள் உட்காரவில்லை, வெளியே வந்துவிட்டான். சுட்டாலும் பரவாயில்லை என்று வாசல் திண்டில் வெயிலிலேயே உட்கார்ந்தான். கழுத்தை அறுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது.

லிங்கராஜ் பின்னாலேயே ஓடி வந்தான். கம்பெனிக்காரன் சொல்லுகிற விலை தனக்குக் கட்டாது, பெருமாளே தன் வண்டிக்கு ஒன்று செய்து தர முடியுமா என்று காதோரம் கேட்டான். பெருமாள் தலையாட்டி வைத்தான். போகத் திரும்பிய லிங்கராஜ் நின்றான்.

"அண்ணாச்சி, அந்தப் போல்ட்ட மட்டும் மறந்துராதீய. சாரு யோசிச்சு வச்சதுல்லா. நமக்கு அதெல்லாம் தெரியாது."

பெருமாள் பைக்குள் கைவிட்டுப் பொன்னாடையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். புதுச் சரிகை கன்னத்தைக் கீறியது, அவன் எடுக்கவில்லை.