சிவப்பில் எழுதிய பெயர்

எங்கள் கால்வாய்த் தெருவில் ருவான் வாத்தியார் பெயர் வைக்காத பிள்ளை கிடையாது. ஒரு சிகரெட் பெட்டியும் ஒரு ஜாடி அரிசி மதுவும் கொண்டுபோனால் போதும். பிறந்த நேரம் பார்ப்பார், பெயருக்கான எழுத்தில் எத்தனை கோடு என்று எண்ணுவார், தாத்தா பெயரில் உள்ள எழுத்து தப்பித்தவறிக்கூட வந்துவிடாமல் பார்த்துக்கொள்வார், பிறகு ஏதோ பழைய கவிதையிலிருந்து இரண்டு எழுத்துகளைக் கிள்ளிக் கொடுப்பார். என் மகனின் ஜாதகத்தில் நீர் குறைவு என்று, கடலாக விரிந்த நீர் என்று பொருள்படும் பெயர் வைத்தார். அவன் இன்றுவரை குளிக்கவே பயப்படுகிறான். அது வாத்தியாரின் குற்றமில்லை.

இப்படிப்பட்டவரின் மனைவி பெயர் ஜாவ்தி. தம்பியை அழைத்து வா என்று அர்த்தம். வீட்டில் மூன்றாவதும் பெண்ணாகிவிட்டதே என்ற ஆத்திரத்தில் அவள் அப்பா வைத்த பெயர். தம்பியும் வந்து சேர்ந்தான். வேலை முடிந்த பிறகும் அறிவிப்புப் பலகையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

கல்யாண இரவில் வாத்தியார் அவளுக்கு ஒரு பெயர் சொன்னாராம். வான்சிங், மழை விட்ட அந்திவேளையின் தெளிவு. கால்வாய்ப் படியில் கீரை அலசும்போது அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது காது சிவந்தது. நல்ல நாள் பார்த்துத் தன் கையால் எழுதிப் பதிவு அலுவலகத்தில் மாற்றித் தருவதாக வாக்கு. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வாசலில் ஒட்டச் சிவப்புத் தாளில் அவர் வாழ்த்து எழுதும்போது, மை அரைத்துக் கொடுத்துக்கொண்டே கேட்பாள். பெயர் என்பது கனிய வேண்டும் என்பார். ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் வைத்த பெயரெல்லாம் ஒரு ஜாடி மதுவில் கனிந்தன.

பிறகு மது ஆலை மேலாளர் கூவின் பேத்திக்கு ஒரு மாத நிறைவு விருந்து வந்தது. தெருவே போனது. சிவப்புச் சாயம் தோய்த்த முட்டைகள் மேசைக்கு மேசை வந்தன. வாத்தியார் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தங்கப் பொட்டு தெறித்த தாளில் இரண்டு எழுத்துகள் எழுதிக் காட்டினார். வான்சிங். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தாளைப் பார்க்கவில்லை, ஜாவ்தியைப் பார்த்தேன். அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்ததைச் சாப்பிடாமல் மறுபடியும் கிண்ணத்திலேயே வைத்துவிட்டாள்.

எங்கள் வீடுகளுக்கு நடுவே இருப்பது பலகைச் சுவர். காது கொடுக்க வேண்டிய அவசியமில்லை, கொடுத்தேன்.

"எனக்குன்னு வெச்சிருந்த பேரு அது," என்றாள்.

"பெய்லினுக்கு ஆலையில வேலை வேணுமா வேணாமா?"

"நான் வேலையப் பத்திக் கேக்கல."

"இந்த வயசுல உனக்கு எதுக்குப் புதுப் பேரு? 'இந்தா'ன்னு கூப்பிட்டா நீதானே திரும்பிப் பாக்கப் போற."

மகன் பெய்லினுக்கு வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

போன குளிர்காலத்தில் வாத்தியார் போய்விட்டார். அவர் பெயர் வைத்தவர்களில் பாதிப் பேர் மாலையோடு வந்தார்கள். இரங்கல் சொன்னதில் புகழாத வாய் இல்லை. கல்லறைக் கல் எங்கள் வழக்கப்படி இருவருக்கும் சேர்த்துத்தான்: போனவர் பெயர் கறுப்பில், இருக்கிறவர் பெயர் பக்கத்தில் சிவப்பில். அவர் முறை வரும்போது அந்தச் சிவப்பின்மேல் கறுப்பு ஏறும். பெய்லின் கல்லுக்குச் சொல்லக் கிளம்பும்போது ஜாவ்தி வாசலில் வழிமறித்தாள். தன் பெயரை வான்சிங் என்று வெட்டச் சொன்னாள். வாழ்க்கையில் அவனிடம் அவள் கேட்ட ஒரே விஷயம் அது.

பெய்லின் வெளிறிப்போனான். அன்றைய குழந்தை வான்சிங் இன்று ஆலையில் அவனுக்கு மேலதிகாரி.

"உயிரோட இருக்கறவங்க பேர கல்லறையில வெட்டச் சொல்றியேம்மா. அவங்க காதுக்குப் போனா, சாபம் விட்டோம்னு நெனப்பாங்க. என் பொழப்பு போயிடும்."

"நானும் உயிரோடதான்டா இருக்கேன்," என்றாள் அவள்.

கல்லில் ஜாவ்தி என்றே வந்தது. நல்ல சிவப்பு, ஆறு கல்லறை தள்ளி நின்றாலும் தெரியும்.

வசந்தத்தில் கல்லறை துடைக்கும் நாள் வந்தது. எங்கள் மாமனார் கல்லும் அதே வரிசைதான், அதனால் நான் அங்கே இருந்ததில் தப்பொன்றும் இல்லை. பெய்லின் பச்சை மாவு உருண்டைகளைப் படைத்துவிட்டு, வழக்கப்படி எழுத்துகளுக்கு மறுபடி பூச இரண்டு சின்ன டப்பாக்களைத் திறந்தான். அப்பா பெயருக்குக் கறுப்பைப் பூசிவிட்டு, ஊதுபத்தி ஏற்றத் திரும்பினான். ஜாவ்தி கறுப்புத் தூரிகையை எடுத்துத் தன் பெயரின் ஒவ்வொரு கோட்டிலும் நிதானமாகப் பூசினாள். அவ்வளவு காலம் மை அரைத்த கை. கோட்டைத் தாண்டி ஒரு பொட்டு வழியவில்லை.

"அம்மா, என்ன பண்ற நீ?" பெய்லின் ஊதுபத்தியோடு திரும்பினான்.

"அவ போயிட்டா," என்றாள். "அவளுக்கும் ரெண்டு உருண்டை எடுத்து வை."

தெருவில் இதை நான் பரப்பவில்லை. கேட்டவர்களுக்குத்தான் சொன்னேன். பைத்தியம் என்றார்கள் சிலர். பெய்லின் ராவோடு ராவாகச் சிவப்புப் பூசினானாம், அடியிலிருந்து கறுப்பு எட்டிப் பார்க்கிறதாம்.

நேற்று படியில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். "ஜாவ்தி அக்கா" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு பெயர் எனக்குத் தெரியும்தான். ஆனால் என் மகனும் அந்த ஆலையில்தான் இருக்கிறான், கூ வீட்டு ஜன்னலோ கால்வாய்க்கு நேரெதிரே. நாக்கு வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"இந்தாங்க," என்றேன்.

திரும்பினாள். திரும்பிய பிறகுதான் பலகைச் சுவருக்கு அப்பால் வாத்தியார் அன்று சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும். பாதி அலசிய கீரையை அப்படியே கூடையில் வாரிப் போட்டுக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைத் தாண்டிப் போனாள்.