ஐந்தாம் வகுப்புக் கூரை

அரசாங்கம் ஊசிக்குளம் பள்ளிக்கூடத்தை ஊர்க்காரர்களிடமே திருப்பிக் கொடுத்த அன்று, பிரம்மசக்தியின் அண்ணன் ஆவுடையப்பன் ஐந்தாம் வகுப்பில் வழக்கம்போல் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது.

சிறு வயதில் ஒருநாள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது அவர் தடுமாறிவிட்டார். கணக்கு வாத்தியார் பெஞ்சில் ஏற்றி, "நான் சொல்லுத வரைக்கும் நில்லு" என்றார். அன்று பிற்பகலே பள்ளியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வாத்தியாருக்கு மாற்றல் வந்தது. பின்னால் வந்த தலைமை ஆசிரியர்கள் எல்லாரும் நல்ல மனிதர்கள்தான். உட்காரச் சொல்லத் தங்களுக்கு அதிகாரம் இல்லையே என்று வருந்தித் தலைநகருக்கு எழுதிப் போட்டார்கள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. ஆவுடையப்பனுக்கு நின்றபடியே மீசை முளைத்தது. நின்றபடியே நரைத்தது.

பிரம்மசக்தி தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய், ஸ்டூலில் ஏறி ஊட்டிவிடுவாள். அவள் கல்யாணமே அந்த வகுப்பில்தான் நடந்தது. அண்ணன் மேலிருந்து அட்சதை போட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் ஊர்ப் பள்ளியிலும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. அண்ணன் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இதற்கிடையில் ஒரு மழைக்காலத்தில் உத்திரம் விட்டுப்போய், கூரை மெல்ல இறங்கி வந்து அவர் தலையில் தங்கியது. பிரம்மசக்தி ஒரு துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலைக்கும் கூரைக்கும் நடுவில் வைத்தாள். பொறியாளர் வந்தார். கூரையைப் பார்த்தார், ஆவுடையப்பனைப் பார்த்தார்.

"தாங்குதே" என்றார். போய்விட்டார்.

பிள்ளைகள் அதன் கீழே உட்கார்ந்து படித்தார்கள்.

பள்ளியின் வராந்தா நீளமானது. அதன் அடுத்த முனை தலைநகரில் இருந்தது. அங்கே பொத்தானை அமுக்கினால் இங்கே மணி அடிக்கும். அங்கே மழை பெய்தால் இங்கே கொளுத்துகிற வெயிலில் லீவு. அந்த வராந்தா வழியாகத்தான் அன்று ஓர் அதிகாரி சாவியோடு நடந்து வந்தார். அவர் கிளம்பியபோது கறுப்பாக இருந்த தலைமுடி வந்து சேர்ந்தபோது வெளுத்திருந்தது.

பள்ளிக் குழுவுக்குப் பிரம்மசக்தியைத் தலைவியாக்கியிருந்தார்கள். தினமும் வருகிற ஆள் அவள் ஒருத்திதான் என்பது காரணம். அதிகாரி சாவியை அவள் கையில் வைத்தார்.

"இனிமே மணி நீங்களே அடிச்சுக்கணும். மழை பெஞ்சா லீவும் நீங்களே விட்டுக்கணும்."

"எங்க அண்ணன் சங்கதி?"

"கட்டடத்தோட சேர்த்து ஒப்படைச்சாச்சும்மா."

அவர் திரும்பி நடந்தார். அவர் பின்னாலேயே வராந்தாவும் பாயைச் சுருட்டுகிற மாதிரி போயிற்று. கடைசியில் இங்கே மிஞ்சியது பள்ளிக் குடிதண்ணீர்க் குழாய் வரைக்கும்தான்.

உடனே ஐந்தாம் வகுப்பில் குழு கூடியது. பிள்ளைகளை வெளியே விளையாட விட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை ஜெபமணி வந்தார். டீக்கடை இசக்கியப்பன் வந்தார். பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்தார்கள்.

"எங்கண்ணனை உக்காரச் சொல்லிருவோம்" என்றாள் பிரம்மசக்தி. இதைச் சொல்வதற்காக இத்தனை வருஷம் காத்திருந்தவள்.

"சொல்லலாம் தாயி" என்றார் இசக்கியப்பன். "கூரை?"



"மேல எழுதிக் கேட்டிரலாமா?" என்றார் ஜெபமணி டீச்சர்.

"மேல இப்ப யாரு இருக்கா டீச்சர்?" என்றார் இசக்கியப்பன்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே கூரை இருந்தது. அதற்குக் கீழே ஆவுடையப்பன் இருந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்றார் அவர்.

இசக்கியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். விசேஷ வீடுகளில் மைக் பிடித்துப் பழகியவர். "இத்தனை வருசமா அவரை அரசாங்கம் நிக்க வச்சிச்சு. அது அநியாயம். இனிமே நம்ம ஊரே நிக்க வைக்கும். அது மரியாத. வருசா வருசம் ஒரு பொன்னாடை போத்துவோம். என்ன சொல்லுதீங்க?"

எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது. சிலர் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப சம்மதப்பட்டவங்க கையைத் தூக்குங்க."

தூக்கினார்கள். பிரம்மசக்தியைத் தவிர ஒருவர் பாக்கியில்லை. ஜெபமணி டீச்சர் தயங்கி, பாதி தூக்கி, பிறகு முழுசாகத் தூக்கினார்.

பிரம்மசக்திக்கு வயிறு எரிந்தது. தெரியாத தலைநகரத்துக்காரன் செய்தபோது கூட இப்படி எரிந்ததில்லை. ஒவ்வொருவர் முகமும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொருவர் வீட்டுக் குழம்பின் ருசியும் தெரியும். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். அறை நிறையக் கைகள்.

"யாரும் கையை இறக்காதிய" என்றாள்.

"ஏன் தாயி?"

"அப்படியே பெஞ்சு மேல ஏறுங்க."

அவள் முதலில் ஏறினாள். அண்ணன் பக்கத்தில் நின்று, உள்ளங்கைகளைக் கூரையில் வைத்தாள். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தூக்கிய கையோடு கீழே நிற்பது கூச்சமாக இருந்தது. ஏறினார்கள். இசக்கியப்பன் கடைசியாக, வேட்டியை மடித்துக் கட்ட ஒரு கையை மட்டும் இறக்கிவிட்டு ஏறினார்.

"உக்காருண்ணே" என்றாள் பிரம்மசக்தி.

ஆவுடையப்பன் நம்பவில்லை. "யாரு சொல்லுதது?"

"நாங்கதான்."

அவர் மெதுவாகத் தலையை விலக்கினார். முழங்கால் எப்படி மடியும் என்பது அவருக்கு மறந்திருந்தது. தரையைத் தொட வெகுநேரம் பிடித்தது. சம்மணம் போட்டு, தூக்குச்சட்டியைத் தானே திறந்தார். எல்லாரும் மேலிருந்து பார்த்தார்கள். பிரம்மசக்தி அழுதாள். துடைக்கக் கை இல்லை.

"இம்புட்டுக் கனமாண்ணே இது?"

"மொதல்ல அப்படித்தான் இருக்கும்" என்றார் அவர், வாயில் சோற்றோடு.

சாப்பிட்டு முடித்து விரலைச் சூப்பினார். பிறகு, சின்னப் பையன் மாதிரி ஆள்காட்டி விரலை உயர்த்தினார்.

"எந்திரிக்கட்டா?"

"எதுக்கு?"

"மணி அடிக்கணும்லா. ஒங்க யாருக்கும் கையில்ல."

அவர் போய் அடித்தார். பிள்ளைகள் ஓடி வந்து, மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெரியவர்களின் கால்களுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார்கள்.

பிரம்மசக்திக்குத் தோள் வலித்தது. கொஞ்சம் இறக்கலாமா என்று கேட்க வாயெடுத்தாள். யாரைக் கேட்பது என்று யோசித்தாள். பக்கத்தில் இசக்கியப்பனும் அதே யோசனையில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.