பின்னால் வந்த மப்ளர்காரர்

தெலுங்கு பேசும் கொண்டாப்பூருக்குக் குடிவந்த சில மாதங்களில் சுபாஸ்ரீ ஒரு சைக்கிள் வாங்கினாள். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. நாள் முழுக்க நாற்காலி. அதனால் காலையில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தாவரவியல் பூங்காவரை போய்த் திரும்புவாள். பாட்டு ஓடினால் மேடுகூடக் காலுக்குத் தெரியாது.

ஒருநாள் பூங்கா வாசலில் தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் அந்த ஆளைக் கவனித்தாள். அறுபது வயதிருக்கும். பழைய கறுப்பு சைக்கிள், தலையில் மப்ளர். அவள் நின்றதும் அவரும் நின்று, செயினைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். செயின் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாளும் வந்தார். அவள் வேகத்தைக் கூட்டினால் கூட்டினார், குறைத்தால் குறைத்தார். வேண்டுமென்றே மசூதித் தெரு வழியாகச் சுற்றிப் போனாள். திரும்பிப் பார்த்தால் அதே மப்ளர்.

அறையில் உடன் தங்கியிருந்த பாமாவிடம் சொன்னாள்.

"கொஞ்ச நாளைக்கு சைக்கிள விட்டுடேன்," என்றாள் பாமா.

"நான் எதுக்கு விடோணும்?"

வாய்தான் அப்படிச் சொன்னது. பின்னால் வருகிறவரின் சத்தம் கேட்க வேண்டுமே என்று அடுத்த நாள் இயர்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். பாட்டில்லாத சாலை முடிவதாயில்லை. பாதி வழியில் அந்த ஆள் அவளை முந்திக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அது அவளை இன்னும் பயமுறுத்தியது. வேவு பார்த்து முடித்துவிட்டாரோ?

மறுநாள் இயர்போனோடு கிளம்பினாள். மப்ளர் மறுபடியும் பின்னால். ஆட்கள் கூடியிருந்த டீக்கடை முன்னால் பிரேக் பிடித்து, தனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினாள்.

"ஏன் என் பின்னாலேயே வர்றீங்க?"

அவர் இறங்கி நின்றார்.

"தமிழ்லயே பேசும்மா. நான் செல்லப்பா, செகந்திராபாத். பாலாநகர் ஃபேக்டரில ரிடையர் ஆயி, இப்போ இங்க மக வீட்ல இருக்கேன்."

"அது இருக்கட்டுங்க. எதுக்கு வர்றீங்க?"

"நீ பாடறியே, அதக் கேக்கத்தான்."

"நான் எங்கங்க பாடறேன்?"

அவர் டீக்கடைக்காரரைப் பார்த்தார். "ரோஜூ விண்டாம் மேடம், பாகா பாடுதாரு," என்று கடைக்காரர் தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். தினமும் கேட்கிறார்களாம், நன்றாகப் பாடுகிறாளாம்.

காது அடைத்திருந்ததில் தன் குரல் அவளுக்கே கேட்டிருக்கவில்லை. முகம் சூடேறியது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

"ஒரு பொண்ணு பின்னாடி இப்படி வந்தா அவ என்னங்க நினைப்பா?"

"ஹவ், ஆமா, தப்புதான். சொன்னா நீ பாட்ட நிறுத்திடுவியோன்னு... இனிமே நக்கோ, வேண்டாம். வரமாட்டேன்."

நடந்ததை அறையில் கேட்டுவிட்டுப் பாமா உதட்டைப் பிதுக்கினாள். "அந்தாளு சொன்னத நம்பிட்டியா?"

மறுநாளும் சுபாஸ்ரீ சைக்கிளை எடுத்தாள். அதன்பின் பாட்டு காதில் ஓடியது. உதடு மட்டும் பிரியவில்லை. முனைக்கு முனை திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

அடுத்த வாரம் பூங்காச் சாலையில் செல்லப்பா எதிரே வந்தார். அவளைக் கண்டதும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு சந்துக்குள் திரும்பினார். அவள் கூப்பிடவில்லை. சந்து முனையில் நின்று, அவர் உண்மையாகவே போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்தாள். மப்ளர் கண்ணுக்கு மறைந்த பிறகே பெடலை மிதித்தாள். மேடு ஏறும்போது பாடினாள், இம்முறை தெரிந்தே.