தம்பியாக நடித்த ஹில்டா

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. ஊழியர்களின் சச்சரவைப் பேசித் தீர்க்க ஓர் ஆள் வேண்டும் என்று, சிறுசேரியில் உள்ள என் கம்பெனி மேற்குத் தாம்பரத்தில் நடந்த சமரசப் பயிற்சிக்கு என்னை அனுப்பியது. கதை எழுதுகிறவனை அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்பினால் சான்றிதழோடு மட்டும் திரும்புவானா?

முதல் வரியை இப்படித்தான் தொடங்கினேன்: தாம்பரம் மேம்பாலத்தின் மேல் அந்தி வெயில் தயங்கி நின்ற

(கைவிட்டேன். பயிற்சி தொடங்கியது காலையில், திரை மூடிய ஏசி அறையில்.)

2

பயிற்சியாளர் மோகன்ராஜ் சார், ஓய்வுபெற்ற வக்கீல். எங்களை மும்மூன்று பேராகப் பிரித்து ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். அட்டையில் இருக்கும் ஆளாக நடிக்க வேண்டும். எங்கள் வழக்கு இது: வெளிநாட்டிலிருந்து அண்ணன் வருவதற்குள் தம்பி அப்பாவை அடக்கம் செய்துவிட்டான். அன்றிலிருந்து பேச்சில்லை. அண்ணனாகப் பெருங்களத்தூர் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் தசரதன். தம்பியாகப் பள்ளி ஆசிரியை ஹில்டா. சமரசம் செய்பவன் நான்.

3

தசரதன் சங்கக் கூட்டங்களில் கத்திப் பழகியவர்.

"என் அப்பா முகத்தக் கடைசியா ஒருதரம் பாக்க விடலியேடா நீ! ஃப்ரீசர் பாக்ஸ்ல வெச்சிருந்தா காலைல நான் வந்திருப்பேன்ல?"

அதுவரை அட்டையைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்த ஹில்டா அதைக் கவிழ்த்து வைத்தார்.

"பாக்ஸ் வந்து வாசல்ல நின்னுது. உள்ள வைக்க எனக்கு மனசு வரல. அம்மாவுக்குக் குளிரே ஆகாது. ஃபேன் போட்டாலே போர்வை கேப்பாங்க."

தசரதன் என்னைப் பார்த்தார். அட்டையில் அம்மா கிடையாது.

"நீ போன்ல அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்ட. துணி மாத்தினது நான். நான் எப்படி இருக்கேன்னு நீ ஒருநாளும் கேக்கல."

ஒருவர் சொன்னதைச் சமரசம் செய்பவர் தன் வார்த்தையில் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது பாடம். நான் அந்தப் பாடத்தை மீறினேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நேரம் முடிந்ததென்று மணியடிக்கப் போன மோகன்ராஜ் சார் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அது எனக்குத் தோணவே இல்ல," என்றார் தசரதன், அண்ணனாகவா தசரதனாகவா என்று தெரியாத ஒரு குரலில்.

4

தேநீர் இடைவேளையில் ஹில்டா என்னிடம் வந்தார்.

"எனக்கு யூனிஸ்னு ஒரு தங்கச்சி சார். வண்டலூர்ல இருக்கா. என் பொண்ணு பிரசவத்துக்கு நான் மஸ்கட் போயிருந்தப்ப அம்மா தவறிட்டாங்க. தசரதன் சார் கத்தினாரே, அதையேதான் நான் அவகிட்ட கத்தினேன். அவ குளிர் அதுஇதுன்னா. சாக்கு சொல்றான்னு போன வெச்சுட்டேன். இன்னிக்கு என் வாயால சொன்னப்பதான் அது சாக்கு இல்லன்னு தெரிஞ்சுது."

(இவ்வளவு பொருத்தமாக ஓர் அட்டை ஒருவர் கைக்கு வருமா என்று கேட்பீர்கள். அதனால் ஒரு பிரதியில் வழக்கை நாய் குரைக்கும் தகராறாக மாற்றிப் பார்த்தேன். ஹில்டா அதில் பேசவே மறுத்துவிட்டார். தற்செயல் இருந்துவிட்டுப் போகட்டும்.)

5

முடிவு அ: வண்டலூரில் யூனிஸ் கதவைத் திறக்கிறார், அக்காவும் தங்கையும்

(அடித்துவிட்டேன். அழவைப்பது சுலபம்.)

முடிவு ஆ: யூனிஸ் போனை எடுக்கவில்லை.

(பொய். எடுத்தார்.)

நடந்தது இதுதான். மாடிப்படியில் நின்று ஹில்டா கூப்பிட்டார். "யூனி, அக்கா பேசறேன்."

பக்கத்தில் நின்ற எனக்கே பதில் கேட்டது: "இப்ப எதுக்குக்கா?"

"அந்த பாக்ஸ ஏன் திருப்பி அனுப்பினேன்னு அன்னிக்குச் சொன்னியே. மறுபடி சொல்லு. இந்த வாட்டி கேக்கறேன்."

நான் படியிறங்கி வந்துவிட்டேன். மதிய வகுப்புக்கு ஹில்டா வரவில்லை. "நான் பேசினதுவரைக்கும் எழுதிக்கோங்க" என்று பிற்பாடு அனுமதி கொடுத்தார்.

யூனிஸை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவு எழுத மாட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். வாசகரே, உங்களுக்கு எத்தனையோ தோன்றும், தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அது யூனிஸ் பேச வேண்டிய இடம்.